பழுது: ஒலி இல்லை

விசாரணைக் குழு அலுவலகத்தில் அவளைக் கிடங்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அரிசிக் கிடங்கோ இரும்புக் கிடங்கோ அல்ல. வீடியோ, ஒலிப்பதிவு, புகைப்படம், மருத்துவமனை எக்ஸ்ரே, ஆலையின் வரைபடம் என்று எது வந்தாலும் வாங்கிப் பார்த்து, இடம் ஒதுக்கி, நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற தரவுத்தளம் ஒன்றை அவள் வடிவமைத்திருந்தாள். அதற்குச் செயலாளர் வைத்த பெயர் நீளமானது. கடிதங்களின் தலைப்பில் மட்டும் உயிரோடு இருந்தது. 'கிடங்குல ஏத்திடு', 'கிடங்குல இருக்கா பாரு' என்று அவள் சொல்லச் சொல்ல அந்தச் சொல் நிலைத்து, கடைசியில் அவள் மேலேயே ஒட்டிக்கொண்டது.

ஐம்பதைத் தாண்டியவள். தொழிலைத் தொடங்கியது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நாடா அறையில். கூரை வரை அலமாரிகள், அலமாரி நிறைய நாடாக்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் யாரோ கிறுக்கிய ஒற்றைச் சொல். 'ஊர்வலம்.' 'தீ.' 'அமைச்சர்.' எந்த ஊர்வலம், எந்தத் தீ என்று கேட்டால் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அங்கே உட்கார்ந்து நாடா நாடாவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு இந்தத் தொழிலின் கரு பிடிபட்டது. படத்தைச் சேர்த்து வைப்பது வித்தையில்லை. பணம் இருந்தால் டிஸ்க் வாங்கிச் சேர்த்துவிடலாம். அந்தப் படத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதைச் சேர்த்து வைப்பதுதான் வேலை. "தேட முடியாதது இல்லாததுக்குச் சமம்" என்பாள். பிறகு ஒரு மருத்துவமனைக்கு ஸ்கேன் படங்களின் தளம், ஒரு திருமண வீடியோ கம்பெனிக்கு ஒன்று, ஒரு வரைபட அலுவலகத்துக்கு ஒன்று என்று பல இடங்களில் கட்டிக் கொடுத்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் விளக்கும் விதம் ஒன்றுதான். எண்ணும் எழுத்தும் சின்னப் பிராணிகள். கட்டம் போட்ட அட்டவணையில் அடங்கிவிடும். வீடியோ யானை. யானையைக் கொண்டுவந்து அட்டவணைக்குள் நிறுத்தினால் அட்டவணைதான் நொறுங்கும். யானையை வெளியே கொட்டடியில் கட்டு. அதன் வயது என்ன, எங்கே பிடித்தது, எந்தத் தூணில் கட்டியிருக்கிறது என்பதை மட்டும் அட்டவணையில் எழுது. கூடவே யானையின் சின்னப் படங்கள் சிலவற்றையும் ஒட்டி வை. தேடுகிறவன் ஒவ்வொரு முறையும் கொட்டடி வரை ஓட வேண்டாம். வீடியோ உள்ளே வந்ததும் சில நொடிக்கு ஒரு படமாக இப்படிச் சின்னப் படங்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும்படிதான் அவள் கிடங்கு இருந்தது. பேசுவதை எழுத்தாக்கி அதையும் தேடலுக்குள் போட்டுவிடும்.

அவளை யாரும் தேடவில்லை. கணவர் வேலை மாற்றலாகி வேறு நகரத்துக்குப் போனார். முதலில் வாரா வாரம் வந்தார், பிறகு மாதா மாதம், பிறகு எப்போது வருவதை நிறுத்தினார் என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. சண்டையில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு தேதியாவது இருந்திருக்கும். தம்பி இருக்கிறான். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் ஒன்றை அனுப்புவான். கீழே 'இனிய நாள்' என்று எழுதியிருக்கும். ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் சின்ன நிரல் ஒன்றை அவள் தன் போனில் எழுதிப் போட்டிருந்தாள். தம்பியின் பல வருட அன்பு இரண்டே ரோஜாப்பூக்களாகச் சுருங்கிக் கிடந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

வீட்டில் ரேடியோ எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். வேலைக்குக் கிளம்பும்போது அணைக்க மாட்டாள். மாலையில் பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ வெங்காய விலையைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் போன நாட்களில் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அந்த ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயத்த ஆடை ஆலை. அதில் நீராவி இஸ்திரிப் பிரிவு என்று ஒன்று. தைத்து முடித்த சட்டைகளை வரிசையாக மேசைகளில் போட்டு நீராவியால் அழுத்தி மடிக்கும் இடம். பக்கத்துச் சுவருக்கு அப்பால் கொதிகலன். அங்கே இரைச்சலில் யாரும் நிலைக்கவில்லை என்பதால், காது கேளாதவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தார்கள். இதைப் பெரிய கருணைச் செயல் என்று ஆண்டறிக்கையில் அச்சடித்து, ஒரு பரிசும் வாங்கினார்கள். உண்மைக் கணக்கு வேறு. இவர்களுக்கு இரைச்சல் தொந்தரவில்லை. இவர்கள் பேசுவது கையால். கை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருக்கும் வரை பேச்சும் கிடையாது. இப்படிப்பட்ட தொழிலாளியை எந்த முதலாளி வேண்டாம் என்பான்?

ஒருநாள் கொதிகலன் வெடித்தது. மேலாளர் பத்திரிகைக்காரர்களிடம் "தலையெழுத்து, யார் என்ன செய்ய முடியும்" என்றார். கொதிகலன் தலையெழுத்துப்படி வெடிப்பதில்லை. அழுத்தம் ஏறினால் வெடிக்கும். அழுத்தம் ஏறியதை அளவுமானி முன்னாலேயே காட்டும். அளவுமானி காட்டியதும் சங்கு ஊதும். ஊதியது. தையல் பிரிவு, வெட்டும் பிரிவு, பொத்தான் பிரிவு எல்லாம் வெளியே ஓடி வந்தன. இஸ்திரிப் பிரிவு சட்டை மடித்துக்கொண்டிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு பிரிவுதான். 'அங்கே அபாய விளக்கும் இருந்தது, அவர்கள்தான் கவனிக்கவில்லை' என்று ஆலையின் வக்கீல் எழுதிக் கொடுத்தார். விளக்கு இருந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாமே தொங்கியது. வெடிப்பில் அந்தச் சுவரே போய்விட்டதால், உள்ளே நின்றவர்களின் வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இதை விசாரிக்க அமைத்த குழு வாக்குமூலங்களை வீடியோவாகத்தான் எடுத்தது. ஆரம்ப நாட்களில் கேமராக்காரரின் மைக் அடிக்கடி மக்கர் செய்தது. ஒலியே இல்லாத வீடியோக்கள் குவிந்தன. பேசியவர்களை மறுபடி கூப்பிட்டு எடுத்தார்கள். பயனில்லாத யானைகள் கொட்டடியை அடைத்துக்கொண்டு நிற்க, புது டிஸ்க் கேட்டால் செயலாளர் உத்தரத்தைப் பார்த்தார். அப்போதுதான் கிடங்கம்மா அந்த நிபந்தனையை எழுதினாள். வந்த வீடியோவில் ஒலி இல்லையா, 'பழுது' என்று குறி. குறித்து சில வாரம் ஆகியும் யாரும் திறந்து பார்க்கவில்லையா, பெரிய கோப்பை அழி. விவர வரியையும் சின்னப் படங்களையும் மட்டும் வை. எழுதி முடித்தபோது, நல்ல சுத்தமான வேலை என்று அவளுக்குத் திருப்திதான். சத்தம் இல்லாத இடத்தில் யாரும் இல்லை என்பது அவள் வீட்டில் தினமும் சரியாக இருந்த கணக்கு.

ஒரு மதிய வேளையில், மருந்துக்கடை மேலங்கியைக் கூடக் கழற்றாமல், முப்பது வயதுப் பெண் ஒருத்தி கிடங்கம்மாவின் மாடியறைக்கு வந்தாள்.

"அம்மா சொன்னது கிடங்குல ஏறிடுச்சான்னு பாக்கணும். இஸ்திரிப் பிரிவு. கழுத்துல தீக்காயம். ரெண்டு மாசம் முன்னாடி வந்துட்டுப் போனோம்."

கிடங்கம்மா தட்டினாள். வரி வந்தது. வந்தவள் மேசை மேல் குனிந்து திரையைத் தானே படித்தாள்.

"'பழுது. ஒலி இல்லை. கோப்பு நீக்கப்பட்டது.' என்னங்க இது?"

"மைக் வேலை செய்யலைன்னா இப்படித்தாம்மா காட்டும். அம்மாவை இன்னொரு தடவை வரச் சொல்லுங்க, சத்தம் சரியா விழுதான்னு பாத்து எடுத்துடலாம்."

"எங்க அம்மாவுக்கு எதுக்குங்க மைக்கு? அவங்களுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. கையாலதான் பேசினாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு கேள்வியைக் கையால கேட்டேன். சைகை தெரிஞ்ச ஆளை அப்புறமாப் போட்டு எழுதிக்குவோம்னு உங்க செயலாளர் சொன்னாரு."

கிடங்கம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். இஸ்திரிப் பிரிவு என்று போட்டு மொத்தத்தையும் தேடினாள். கட்டம் கட்டமாக ஒரே சொல் கீழே இறங்கிக்கொண்டே போனது. பழுது. பழுது. பழுது. பக்கத்தில் தபால்தலை அளவில் சின்னப் படங்கள்: நாற்காலியில் ஓர் ஆள், கைகள் காற்றில்.

"அப்ப யாருமே பேசலைன்னு போட்டிருக்கீங்க" என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் 'அந்த மாத்திரை தீந்துடுச்சு' என்று சொல்கிற குரல்.

அன்று மாலை செயலாளரின் அறையில் கிடங்கம்மாவும் கேமராக்காரரும் நின்றார்கள். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"நான்தாங்க மைக்கை அணைச்சேன்" என்றார் கேமராக்காரர். "காது கேக்காதவங்களுக்கு மைக் எதுக்குன்னு நெனச்சேன். ஃபேன் வேற கடகடங்குது. அதையெல்லாம் எதுக்குப் புடிக்கணும்?"

"கேமராவோட கார்டுல இருக்குமே?"

"கார்டை அன்னைக்கே அழிச்சு அடுத்த ஆளுக்குப் போட்டாச்சே. ஏறிடுச்சுன்னு உங்க கிடங்குதானே பச்சை காட்டிச்சு, கிடங்கம்மா?"

காட்டத்தான் செய்தது. வாங்கும்போது பச்சை காட்டிவிட்டு, வாங்கிய பிறகு தூக்கிப் போடும் கிடங்கு.

செயலாளர் பேனாவை மூடினார். "சரி, ஒண்ணு செய்யலாம். கேமரா கோளாறுன்னு ஒரு வரி எழுதிடுவோம். கேமராவுக்கு வாயா இருக்கு, மறுத்துப் பேச? அந்தப் பொண்ணை விட்டு அவங்கம்மா சொன்னதைச் சுருக்கமா எழுதி வாங்கிக்கலாம்."

"மகள் எழுதினதைச் சாட்சியா ஆலை வக்கீல் ஒத்துக்குவாரா சார்?"

"ஒத்துக்க மாட்டார். அதுக்கு நாம என்ன பண்றது?"

"மறுபடி எடுக்கறது."

"வர்ற வெள்ளிக்கிழமையோட பதிவு முடியுதும்மா. தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. சரி, உங்க இஷ்டம். எல்லாருக்கும் போன் பண்ணி வரச் சொல்லுங்க."

"போனா?" என்றார் கேமராக்காரர். "யார் சார் எடுத்து அலோ சொல்றது?"

செயலாளரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். பாதி எண்கள் மாறிப்போயிருந்தன. முகவரிகளை எடுத்துக்கொண்டு மறுநாள் அவளே கிளம்பினாள். யார் வீட்டு வாசலிலும் போய் நின்று பழக்கமில்லாதவள். முதலில் தீக்காயக்காரியின் வீடு. மூன்றாம் மாடி, படியெல்லாம் தண்ணீர்க் குடங்களும் ஒற்றைச் செருப்புகளும். அழைப்புமணியை அமுக்கினாள். உள்ளே சத்தமே இல்லை. மணி வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினாள். பிறகு விடாமல் அமுக்கினாள். கதவு படாரென்று திறந்தது.

"என்னங்க, வீடு பத்திக்கிச்சா?" மகள்தான். "ஒரு தடவை அமுக்கினாப் போதும். அம்மா அடுப்பை அணைச்சுட்டுப் பயந்துபோய் நிக்கறாங்க."

உள்ளே சமையலறை வாசலுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. மணியை அமுக்கினால் அது எரியும். கூடத்தில் ஒன்று, படுக்கிற அறையில் ஒன்று. கிடங்கம்மா விடாமல் அமுக்கியதில் வீடு முழுக்க அபாய விளக்கு மின்னியிருக்கிறது.

"தெருமுனை எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்தாரு" என்றாள் மகள். "அரை மணி நேர வேலை."

மூன்று பல்பு, கொஞ்சம் கம்பி. இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கட்டுப்படியான ஒன்று, பரிசு வாங்கிய ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை. பத்திரிகையில் தலையெழுத்து என்று அச்சாகியிருந்தது இதைத்தான்.

தாய் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கனத்த உடம்பு, நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். காதுக்குக் கீழிருந்து தோள்வரை தோல் வேறு நிறத்தில் சுருங்கியிருந்தது. நடந்ததை மகள் கைகளால் சொன்னாள். சொல்லச் சொல்லத் தாயின் முகத்தில் எரிச்சல் ஏறியது. கடைசியில், ஒலி இல்லாததால் தூக்கிவிட்டார்கள் என்ற இடத்தில், அவள் சிரித்துவிட்டாள். தொண்டையிலிருந்து வந்த, அளவு பார்க்காத, பெரிய சிரிப்பு. பிறகு கைகளை வேகமாக அசைத்தாள்.

"'இவங்க ஆபீசுலயும் அதே சங்குதானா'ன்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

கிடங்கம்மா தரையைப் பார்த்தாள். தாய் மேசையைத் தட்டினாள். நிமிர்ந்து பார் என்று அர்த்தம்; அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவை வந்தீங்கன்னா..."

மகள் அதைக் கையால் சொல்லி முடிப்பதற்குள் தாயின் கை குறுக்கே வெட்டியது.

"'முடியாது'ங்கறாங்க. 'பக்கத்து மேசைக்காரி கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. கதவுப் பக்கம் எல்லாரும் ஓடறதை நான் பாத்தேன், அவ பாக்கலை. கூப்பிட எங்களுக்குக் குரல் இல்லை. போய்த் தோளைத் தொடணும். நாலு எட்டு. நடுவுல ஆவி வந்துடுச்சு. இதை ஒரு தடவை கையால சொல்லிட்டேன். ரெண்டாவது தடவை இந்தக் கை சொல்லாது.'"

அழுகை வரவில்லை யாருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி ஓட்டினார்கள். தாய்க்கு அது இல்லை.

கிடங்கம்மாவுக்குக் கெஞ்சத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள். "கேமரா கோளாறுன்னு எழுதச் சொல்றாங்க. கோளாறு கேமராவுல இல்லைம்மா. நிபந்தனையை எழுதினது நான். சத்தம் இல்லைன்னா உள்ள ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுட்டேன். இத்தனை வருஷ வேலையில இது எனக்குத் தோணவே இல்லை."

மகளின் கைகளைப் பார்க்காமல், தாய் பேசுகிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சின்னக் கேள்வி.

"'வீட்டுல உங்ககூட யாரு இருக்காங்க'ன்னு கேக்கறாங்க."

"யாருமில்லை. ரேடியோ ஒண்ணு இருக்கு."

மகள் தயங்கினாள். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தவள் போல் நின்று, பிறகு சொன்னாள். தாய் ஏதோ கேட்டாள். மகள் தோளைக் குலுக்கினாள். ஒரு பெட்டி தனக்குத் தானே பேசுவதும், வராத ஆளுக்காக அதை ஓடவிடுவதும் அந்த வீட்டில் எளிதில் விளங்கக்கூடிய சங்கதி இல்லை. தாய் வெகுநேரம் கிடங்கம்மாவைப் பார்த்தாள். தழும்புத் தோலைத் தடவிக்கொண்டாள். எழுந்து போய் அடுப்பில் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"'வர்றேன்'ங்கறாங்க. 'ஆனா கேமராவைப் பாத்துச் சொல்ல மாட்டேன். அது கண்ணாடிக் குண்டு. தலைகூட ஆட்டாது. இவங்க எதிர்ல உக்காரணும். நான் முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கக்கூடாது.'"

"எனக்கு ஒண்ணும் புரியாதே."

"'புரியலைன்னாலும்'."

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் தாய் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கேமராக்காரர் மைக்கைப் போட்டார். இந்த முறை யாரும் கேட்காமலே போட்டார். மகள் மூலையில் நின்றாள். கேள்வி கேட்க வேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டாள். கேமராவுக்கு ஒரு சாண் பக்கத்தில் கிடங்கம்மாவுக்கு நாற்காலி.

தாய் தொடங்கினாள். கைகள் பறந்தன, பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லை. யாராவது ஏதாவது பேச மாட்டார்களா என்று காது ஏங்கியது. கொஞ்ச நேரத்தில் காது சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. அப்போதுதான் ஓசைகள் வந்தன. ஒரு உள்ளங்கை இன்னொன்றில் படும் ஓசை. மூச்சு. வளையல். நாற்காலியின் கால். தலையில் ஹெட்போன் மாட்டியிருந்த கேமராக்காரர் சட்டென்று நிமிர்ந்து கிடங்கம்மாவைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. கண்ணை எடுக்கக்கூடாது என்பது பேச்சு.

ஒரு சைகை திரும்பத் திரும்ப வந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, குவித்த விரல்களைக் கீழ்நோக்கி விரிப்பது. உடனே இன்னொரு கையால் அதை இல்லையென்று துடைப்பது. இன்னொன்றும் வந்தது. இடது கை பக்கவாட்டில் நீளும், யாரையோ தொடப் போகும், தொடாமல் நிற்கும். அது நின்றபடியே இருக்கும். கிடங்கம்மாவின் கையும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியதை வீடியோவில் பார்க்க முடியாது. அவள் கேமராவுக்கு வெளியே இருந்தாள்.

தாய் இரண்டு கைகளையும் மடியில் வைத்தாள். முடிந்ததென்று கிடங்கம்மாவுக்குத் தெரியவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள், கண்ணாடிக் குண்டு ஆட்டாததை. தாயும் ஆட்டினாள்.

அந்த வாரமே நிபந்தனையை எடுத்துவிட்டாள். ஒலி இல்லாத கோப்பு ஒலி இல்லாத கோப்பு, அவ்வளவுதான். பழுதா இல்லையா என்பதை மனிதர் ஒருவர் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பேசுகிறவர் குரலால் பேசுகிறாரா கையால் பேசுகிறாரா என்று புதிய கட்டம் ஒன்று. கடைசியில் ஒருவழியாகச் சைகை மொழிபெயர்ப்பாளர் வந்து எழுதிக் கொடுத்ததை வீடியோவின் நொடிக்கு நொடி கட்டி வைத்தாள். 'விளக்கு' என்று தேடினால் தாயின் கை தலைக்கு மேல் விரியும் அந்த நொடி வந்து நிற்கும். 'ஒருநாளும் விளக்கு இருந்ததில்லை. கேட்டோம். போடுகிறோம் என்றார்கள்.' தேடிப்போய் அழைத்ததில் வந்த மற்ற சிலரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் வரவில்லை. மடிப்பு மேசையில் நின்றவர்; ஒல்லியான ஆள், தனிக்கட்டை. அவர் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. "காலி பண்ணிட்டுப் போயிட்டாரும்மா. எங்கன்னு கேக்கலாம்னா, நான் கேட்டா அவருக்கு எங்க கேக்கும்?" என்றார் வீட்டுக்காரர், பெரிய நகைச்சுவை போல. அவருடைய வரி மட்டும் 'பழுது' என்றே நின்றது. கிடங்கம்மா அந்தச் சொல்லை அழித்துவிட்டு, 'எங்களால் அழிக்கப்பட்டது' என்று அடித்தாள்.

செயலாளர் மாடிக்கே வந்துவிட்டார். மாடிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "எதுக்கும்மா இது? பழுதுன்னே இருந்துட்டுப் போகட்டுமே. யார் பாக்கப் போறா?"

"தேடுறவங்க பாப்பாங்க சார்."

"எவன் தேடுவான்? தனி ஆள். கேக்க நாதியில்லை."

"அதனாலதான்" என்றாள்.

அவர் வேறு ஆளை வைத்து அதை மாற்றப் பார்த்தார். யார் எப்போது எதை மாற்றினாலும் பழையதும் அழியாமல் பக்கத்தில் நிற்கும்படி அவள் ஏற்கெனவே கட்டியிருந்தாள். மாற்றினால் மாற்றியவர் பெயரும் சேர்ந்து நிற்கும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அறிக்கையின் பின்னிணைப்பில் அந்த இரண்டு சொல் அப்படியே அச்சானது. சங்கு மட்டும் வைத்து விளக்கு வைக்காதது ஆலையின் குற்றம் என்று அறிக்கை சொன்னது. அதற்கு ஆதாரமாக முதலில் காட்டியது தாயின் வாக்குமூலத்தை. இழப்பீடு வந்தது. பக்கத்து மேசைக்காரி வரவில்லை.

குழு கலைந்தது. டிஸ்க்குகளை எண்ணி ஒப்படைத்தார்கள். கேமராக்காரர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து, "வர்றேன் கிடங்கம்மா, எங்கயாவது பாப்போம்" என்றார். எங்கும் பார்க்கவில்லை. அடுத்த வேலை வரும் வரை அவள் வீட்டில்தான். ரேடியோ வெங்காய விலை சொன்னது. தம்பியின் ரோஜா காலையில் வந்தது. அழிக்கிற நிரலை நிறுத்திவிட்டதால், நேற்றைய சிவப்பின் கீழே இன்றைய சிவப்பு, அதன் கீழே இன்னொன்று என்று அடுக்கடுக்காக நின்றன. ஒருநாள் அவனுக்குப் பதில் எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டாள்.

ஒப்படைப்பதற்கு முன் மடிப்பு மேசைக்காரரின் சின்னப் படங்களை மட்டும் அனுமதி வாங்கித் தாளில் எடுத்து வைத்திருந்தாள். அவர் பேசியதில் மிஞ்சியது அவ்வளவுதான். சில நொடிக்கு ஒன்றாக உறைந்துபோன கைகள். இடையில் என்ன சொன்னார் என்பது அழிந்தது அழிந்ததுதான். மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பாள். ஒரு மாலையில் ஒரு படத்தில் கை நின்றது. தலைக்கு மேல் தூக்கி, விரல்கள் கீழ்நோக்கி விரிந்த கை. அந்த ஒன்றை மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியும். மற்றவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினாள். மகள் கடை மூடி வர இன்னும் நேரமிருந்தது. மணியை ஒரு தடவை அமுக்கினாள். வாசலுக்கு மேலிருந்த சின்ன ஜன்னலில் சிவப்பு ஒருமுறை எரிந்து அணைந்தது. இன்னொரு தடவை அமுக்க விரல் போனது, இழுத்துக்கொண்டாள். உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல ஓர் ஓசையும் இல்லை. நின்றாள்.

கதவு திறந்தது. தாய் புருவத்தைத் தூக்கினாள். கிடங்கம்மா பையைத் திறந்து தாள்களைக் காட்டினாள். முதல் படத்திலேயே தாய்க்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் தாய் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, படத்தில் நின்றுபோன கையைத் தன் கையால் தொடங்கி, அது போயிருக்கக்கூடிய இடம்வரை கொண்டுபோய் முடித்தாள். சில இடங்களில் நம்பிக்கையில்லாமல் இரண்டு விதமாகச் செய்து பார்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, சிரித்து, தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கிடங்கம்மாவின் கை வழக்கம் போல் பையிலிருந்த போனைத் தேடிப் போனது. போனை எடுக்கக் குனிந்தால் கண்ணை எடுக்க வேண்டும். கை திரும்பி வந்து மேசை மேல் கிடந்தது.

மகள் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் புரியாமல்.